கப்பல்துறை வரைக்கும் ஓட வந்தவர்

சனிக்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். திருகோணமலைக்கு ரிக்கற் ஆயிரத்து நூறு ரூபா. வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக ஏறக்குறைய ஆறு மணி நேர ஓட்டம். யன்னல் பக்கத்து இருக்கை கிடைத்தது, ஆனால் யன்னல் திறக்கவில்லை. ஒரு ஓட்டப் போட்டிக்காக இவ்வளவு தூரம் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். புறப்பட்டுவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடியதைத் தவிர வேறு எதற்காகவும் நான் ஓடியதில்லை என்பது உண்மைதான்.

என்னைக் கூப்பிட்டவள் என் மச்சாள் வதனி. திருகோணமலையில் அரை மரதன் ஓட்டமொன்றை நடத்தும் குழுவில் அவளும் ஒருத்தி. கென்யாவிலிருந்து ஒரு ஓட்டக்காரர் வருகிறார், இரண்டு மூன்று நாள் அவரோடு நின்று கதைக்க ஆள் வேண்டும், குழுவில் எல்லோருக்கும் இங்கிலீசு தெரியும் ஆனால் வெளிநாட்டுக்காரரைக் கண்டால் ஒருத்தருக்கும் வாய் திறபடாது என்றாள். நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஒருவர் சொன்னதை மற்றவருக்குக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வதுதான் என் பிழைப்பு. களவெடுத்தவர் தான் எடுக்கவில்லை என்று சொன்னால் அதையும் அப்படியே சொல்வேன். நான் மொழிபெயர்த்த பொய்களை அடுக்கினால் ஒரு மாடி வீடு கட்டலாம். அதில் ஒரு கல்லும் என்னுடையது இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

வவுனியாவில் பக்கத்தில் வந்து இருந்தவர் திரியாய்க்குப் போகிற ஒரு அம்மா. ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டிவிட்டு வருகிறார். திருகோணமலைக்கு வடக்கே கடலோடு ஒட்டிய ஊர் திரியாய். வயலும் மீன்பிடியும்தான் தொழில். நான் எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஊர்ப் பெடியன் நிரோஷன் அதே போட்டியில் ஓடுகிறானாம். விதைப்புக் காலத்தில் வயலில் நிற்பான், மற்ற நாளெல்லாம் கடற்கரையில் ஓடுவான். ஒரு மணி எட்டு நிமிசத்துக்குள் ஓடி முடித்தால் தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கு எடுப்பார்கள் என்று ஊர் முழுக்கப் பேச்சு. போன முறை சில விநாடிகளால் தவறிப்போனது. இந்த வருசத்தோடு அவனுக்கு வயதெல்லை முடிகிறது. அதற்காக ஊரே ஒரு பஸ் பிடித்து வரப்போகிறது என்றவர், கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பகல் ஒன்றுக்குக் கொஞ்சம் முன்பு திருகோணமலை. பங்குனி வெயில், தார் கொதித்தது. வதனி அனுப்பிய ஓட்டோக்காரர் என் பெயரை ஒரு மட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றார். கிண்ணியாவைச் சேர்ந்த நசீர். திங்கள் மத்தியானம் வரை எனக்கும் கென்யாக்காரருக்கும் அவர்தான் சாரதி. பஸ் நிலையத்திலிருந்து விடுதி இருக்கிற ஓர்ஸ் ஹில் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. அதற்குள் அவர் என்னை அக்கா ஆக்கி, தன் நான்கு பிள்ளைகள், மூத்த மகளின் சம்பந்தம், புதிதாய்ப் போட்ட சில்லு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். மேட்டில் ஏறியதும் வலப்பக்கம் மரங்களுக்கிடையில் உள்துறைமுகம் தெரிந்தது. தண்ணீர் அசைவதே இல்லை. தூரத்தில் சீனக்குடா மாவாலையின் குழாய்களும் அதன் கீழே ஒரு கப்பலும். துறைமுகத்தைப் பார்த்து எனக்கு வாய் திறந்தது. நசீர் அதைக் கவனித்துவிட்டு, தனக்குச் சொந்தமான காணியைக் காட்டுகிறவர் போல ஓட்டோவை ஓரமாக நிறுத்தினார்.

விடுதி வாசலில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தபடி தன் சப்பாத்து நாடாவை உருவிக் கொண்டிருந்தவர்தான் ஜோயல். ஒல்லி. உயரமும் இல்லை. ஓட்டக்காரர் என்றால் வாட்டசாட்டமாக இருப்பார் என்று நினைத்திருந்த எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. முப்பத்தாறு வயது. எழும்பி இரண்டு கையாலும் என் கையைப் பிடித்து, பயணம் எப்படி என்று கேட்டார். பிறகு ஒரு முறைப்பாடு: விடுதியில் பாலில்லாத தேத்தண்ணி தருகிறார்கள். அவருடைய ஊரில் பாலோடு சேர்த்துக் கொதிக்க வைக்காததைத் தேத்தண்ணி என்றே சொல்ல மாட்டார்களாம். நான் குசினிக்குப் போய்ச் சொன்னேன். என் முதல் மொழிபெயர்ப்பு அது.

மாலை ஐந்தரைக்கு உள்துறைமுக வீதியில் ஜோயலும் நிரோஷனும் மெதுவாக ஓடினார்கள். நானும் நசீரும் ஓட்டோவில் பின்னால் போனோம். நிரோஷன் வெட்கக்காரப் பெடியன், கேட்டதற்கு மட்டும் பதில். ஓட்டம் முடிந்ததும் கடற்கரைச் சுவரில் இருந்து, நாளைய ஒழுங்கை ஜோயல் சொல்லச் சொல்ல நான் அவனுக்குச் சொன்னேன். அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் விளங்கியது. ஜோயல் வெல்ல வரவில்லை.

போட்டி தம்பலகாமம் பக்கத்தில் தொடங்கி, கண்டி வீதியால் வந்து, ஓர்ஸ் ஹில்லுக்குக் கீழே இந்த வீதியில் முடிகிறது. இருபத்தொரு கிலோமீற்றர். ஜோயலின் வேலை, நிரோஷனுக்கு முன்னால் ஒரே வேகத்தில் ஓடி, எதிர்க்காற்றைத் தான் வாங்கிக்கொண்டு, அவனைக் கப்பல்துறைக் கிராமம் வரை கூட்டி வருவது. பன்னிரண்டு கிலோமீற்றர். அங்கே ஜோயல் பாதையை விட்டு இறங்கவேண்டும். மற்ற ஒன்பதை நிரோஷன் தனியே ஓடவேண்டும். அதைத்தான் தேசிய அணியின் தெரிவுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். பாதையை விட்டு ஒருமுறை இறங்கியவர் திரும்ப ஏறினால் அவர் போட்டியில் இல்லாத ஆள். அப்படியான ஒருவர் பக்கத்தில் ஓடிக் கொடுத்தால் அது களவு உதவி, உதவி பெற்றவரின் நேரம் செல்லாது. ஜோயல் இதை இரண்டு தரம் சொன்னார். நிரோஷன் இரண்டு தரமும் தலையாட்டினான்.

அவன் போனபிறகு நான் கேட்டேன், இதுவா உங்கள் தொழில் என்று. பத்து வருசத்துக்கு மேலாக இதுதான் என்றார். பத்தொன்பது வயதில் முதன்முதலாக விமானம் ஏறி இத்தாலிக்குப் போனாராம். அங்கே ஒரு சின்ன நகரத்தின் வீதி ஓட்டத்தில் முதலாவதாக வந்தார். கிடைத்த வெள்ளிக் கிண்ணத்தில் அவருடைய அம்மா இப்போதும் சீனி போட்டு வைத்திருக்கிறார். அடுத்த வருசம் குதிக்கால் நரம்பு பழுதாகி, எழும்பி ஓட ஒன்றரை வருசம் எடுத்தது. வேகம் திரும்பி வந்தது. கடைசித் தூரத்தில் பாய்கிற அந்தப் பாய்ச்சல் மட்டும் வரவில்லை. ஆனால் மணிக்கூடு பார்க்காமல் ஒரே வேகத்தில் ஓட அவரைப்போல் ஆள் இல்லை என்று ஒரு முகவர் கண்டுபிடித்தார். அதன்பிறகு ஜேர்மனி, ஒல்லாந்து, இந்தியா, மலேசியா. எங்கேயும் பாதி வழி.

“பெரிய பெரிய நகரங்களில் எல்லாம் முதல் பாதியை ஓடிப் பார்த்திருக்கிறேன்” என்றார். “மற்றப் பாதியை ஏற்றிப்போகிற வானுக்குள் இருந்து பார்த்தேன்.”

முடிக்கவே கூடாதா என்று கேட்டேன். இறங்காமல் ஓடினால் முடிக்கலாம், சட்டம் தடுக்காது என்றார். பத்து வருசத்துக்கு முன் ஒரு தரம் ஜேர்மனியில் அப்படி ஓடியிருக்கிறார். உடம்பு லேசாக இருந்தது, நிற்க மனம் வரவில்லை. இரண்டாவதாக வந்தார். அவர் கூட்டி வந்த ஆள் நான்காவது. அந்த வருசம் முழுக்க ஒருத்தரும் கூப்பிடவில்லை. கூப்பிட்ட வேலையைச் செய்யாதவரை யார் கூப்பிடுவார்கள்? இப்போது முகவரிடம் இளம் ஆட்கள் வந்துவிட்டார்கள். இந்தப் போட்டி முடிய மலேசியாவில் ஒன்று, அதுவும் பாதி வழிதான். அதோடு வீட்டுக்குப் போய் மாடு வளர்க்கப் போகிறார். எல்டொரேட் நகரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் சோளக் காணியும் இருக்கிறதாம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. மகள் மெர்சி, எட்டு வயது. இரண்டு பேரும் தங்கள் பாஷையில் கதைத்தார்கள். அவர் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்றது. போனை வைத்துவிட்டு ஊரைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் ஓடுகிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தங்கள் அப்பா எந்த நாட்டில் எத்தனையாவதாக வந்தார் என்று சொல்லிக்கொள்வார்களாம். மெர்சி பிறந்ததிலிருந்து ஒரு முடிவுப் பட்டியலிலும் அவர் பெயர் வந்ததில்லை. நாளைக்காவது முடிப்பீங்களா என்று கேட்டாள் என்றார். என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிறு அதிகாலை. வெயிலுக்குப் பயந்து ஐந்தரைக்கே போட்டி தொடங்குகிறது. எனக்கும் நசீருக்கும் ஒப்படைத்த வேலை லேசானது: கப்பல்துறையில் காத்திருந்து, ஜோயல் இறங்கியதும் அவரை ஓட்டோவில் ஏற்றி முடிவிடத்துக்குக் கொண்டு வருவது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வீதியின் இரண்டு பக்கமும் சனம். கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு. மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, தோடம்பழம் வெட்டி அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று கட்டளையிட்டவர் பவளம் அக்கா. வீதியோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிற, ஐம்பது தாண்டிய, குரல் பெரிய மனுசி. எனக்கு ஒரு பிளேன் ரீ தந்தார், காசு வேண்டாம் என்றுவிட்டார். இன்று ஊருக்கு வருகிற ஒருத்தரிடமும் காசு வாங்குவதில்லையாம்.

அவரிடம் அப்போதே சொன்னேன், கென்யாக்காரர் இங்கே வரைக்கும்தான் ஓடுவார் என்று. பவளம் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். அவ்வளவு தூரத்தில் இருந்து பிளேன் பிடித்து வந்தவர் கப்பல்துறையில் நிற்கவா வந்தவர் என்று கேட்டுவிட்டு, ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள் என்று முடிவு கட்டி, எனக்கு இன்னொரு ரீ ஊற்றினார்.

ஆறு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் முன்னால் நடுவரின் மோட்டார்சைக்கிள் வந்தது, அதன் பின்னால் ஜோயல். அவர் ஓடியதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தலை அசையவில்லை, கால் நிலத்தில் படுகிற சத்தமும் இல்லை. அவருடைய தோளை ஒட்டினமாதிரி நிரோஷன். அவன் மட்டும் பெரிதாக மூச்சு வாங்கினான். பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை வேறு ஒருவரும் இல்லை. சனம் கைதட்டியது. பன்னிரண்டு என்று எழுதின பலகைக்குப் பக்கத்தில் ஜோயல் ஒரு கையை உயர்த்தி, நிரோஷனுக்கு ஏதோ சொல்லி, அப்படியே வீதியை விட்டு மண்ணில் இறங்கி நின்றார். நிரோஷன் திரும்பிப் பார்க்காமல் போனான்.

பிறகு முழு ஊரும் அவரைச் சூழ்ந்தது.

“என்ன தம்பி நிண்டிட்டீங்கள்?” என்றார் பவளம் அக்கா. “கொஞ்சத் தூரம்தான் கிடக்கு. அவனைப் பிடிக்கலாம், ஓடுங்கோ.”

ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். ஒருவர் தோடம்பழத்தை வாயில் வைத்தார். அவருக்கு வேலை முடிந்தது, அவர் இறங்கத்தான் வேண்டும் என்று நான் நாலு பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னேன். நீதிமன்றத்தில் என் குரலுக்கு எல்லோரும் காது கொடுப்பார்கள். இங்கே ஒரு குருவியும் திரும்பிப் பார்க்கவில்லை. எங்கட ஊருக்கு வந்த மனுசனைப் பாதியில் விடுவதா என்று ஒரு கிழவர் என்னையே ஏசினார். கரப்பந்தாட்டக் கழகத்துச் சட்டை போட்ட மூன்று இளைஞர்கள் ஜோயலின் கையைப் பிடித்து வீதிக்கு இழுத்தார்கள். ஒருவன் பின்னால் நின்று முதுகில் கைகொடுத்துத் தள்ளினான். அவர்கள் முகத்தில் இருந்தது அன்பு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நிரோஷன் நூறு யார் தூரத்தில் போய்க்கொண்டிருந்தான். ஜோயல் நினைத்தால் அரைக் கிலோமீற்றருக்குள் பிடித்துவிடுவார். பிடித்தால் அந்தப் பெடியனின் ஓட்டம் அதோடு சரி. நடுவரின் மோட்டார்சைக்கிள் மெதுவாகி, வெள்ளைச் சட்டைக்காரர் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜோயலின் கால் வீதியில் பட்டது. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவருக்கு ஓடவேண்டும்போல் இருந்தது, சத்தியமாய். கண் முழுக்க அந்த வீதிதான் இருந்தது. இளைஞர்களோடு இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடியில் வீதியின் ஓரத்தில் அப்படியே குந்தி, இடது கெண்டைக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“எனக்குக் கால் நோகுது என்று இவர்களுக்குச் சொல்லுங்கள்” என்றார் என்னிடம்.

காலில் ஒன்றும் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் மொழிபெயர்ப்பாளர்.

“கால் நோகுது எண்டு சொல்லுறார்” என்றேன்.

அவ்வளவுதான். வீதி ஒரு நொடியில் காலியானது. அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கடை வாசலில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். நடுவரின் மோட்டார்சைக்கிள் வேகம் எடுத்து நிரோஷனுக்குப் பின்னால் போனது. பவளம் அக்கா உள்ளே ஓடி ஒரு போத்தலோடு வந்தார். அவரே காய்ச்சின நோவெண்ணெய், உள்ளிச் சாறும் இன்னும் என்னென்னவோவும் சேர்த்தது, மணம் அடுத்த ஊர் வரை போகும். நிலத்தில் இருந்து, ஜோயலின் காலைத் தன் மடியில் வைத்து, மேலிருந்து கீழே உருவத் தொடங்கினார். அந்தக் காலில் உலகத்தில் உள்ள ஒரு நோவும் இல்லை. ஜோயல் கண்ணை மூடிக்கொண்டார். மூடின கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“அழாதேங்கோ தம்பி. அடுத்தமுறை வந்து முழுக்க ஓடுவீங்கள்.”

அப்படியே சொன்னேன். இனி அடுத்தமுறை இல்லை என்றார் அவர். அதையும் அப்படியே சொன்னேன். பவளம் அக்கா இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார்.

மற்ற ஓட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். அரை மணி கடந்திருக்கும், வதனி போன் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஒரு மணி ஏழு நிமிசம் ஐம்பத்திரண்டு விநாடி, எட்டு விநாடி மிச்சம், நடுவர்கள் ஒத்துக்கொண்டார்கள் என்று கத்தினாள். பின்னணியில் திரியாய்ச் சனத்தின் சத்தம். நான் இங்கிலீசில் சொல்லி முடிக்கமுன் ஜோயல் கதிரையிலிருந்து ஒரு துள்ளுத் துள்ளி எழும்பி, இரண்டு காலிலும் குதித்தார். குதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. இடது காலை மெல்லத் தூக்கி, முகத்தைச் சுளித்து, திரும்ப இருந்தார். பவளம் அக்கா போத்தலை மூடிக்கொண்டிருந்ததால் காணவில்லை. நசீர் கண்டார். கண்டவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போய் ஓட்டோவை ஸ்ரார்ட் பண்ணினார்.

பரிசளிப்பில் கென்ய வீரர் காலில் ஏற்பட்ட உபாதையால் விலகினார் என்று அறிவித்தார்கள். பாவம் என்று சனம் கைதட்டியது. நிரோஷன் என்னிடம் வந்து, உண்மையை மைக்கில் சொல்லட்டுமா என்று அவரிடம் கேட்கச் சொன்னான். ஜோயல் வேண்டாம் என்றார். கப்பல்துறையில் அந்த அம்மா அரைப் போத்தல் எண்ணெய் செலவழித்திருக்கிறார், அதை வீணாக்கக்கூடாது என்றார். நிரோஷன் அவருடைய கையைப் பிடித்தான், விடவில்லை. படம் எடுக்க வந்தவர்கள் அவனைத் தேடி இழுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே நின்றான்.

மாலையில் மெர்சி போன் எடுத்தாள். இந்தமுறை பேச்சு சுருக்கமாக முடிந்தது.

திங்கள் காலை ஐந்தேகாலுக்கு என் அறைக் கதவு தட்டுப்பட்டது. ஜோயல், ஓடுகிற சப்பாத்தோடு. நசீர் ஏற்கெனவே வாசலில். எங்கே போகிறோம் என்று கேட்டேன். நேற்று நான் இறங்கின இடத்துக்கு என்றார் ஜோயல். ஏன் என்று கேட்காமல் சால்வையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். வழியில் நசீர்தான் பேச்சைத் தொடங்கினார்.

“அக்கா, இவற்ற காலுக்கு நேற்று ஒண்டுமில்லைத்தானே?”

நான் மொழிபெயர்ப்பாளர்தான், டாக்டர் இல்லை என்றேன். அவர் சிரித்து ஓட்டோவையே குலுக்கிவிட்டார்.

கப்பல்துறையில் பவளம் அக்கா அப்போதுதான் கடைப் பலகையைத் திறந்துகொண்டிருந்தார். ஜோயல் இறங்கி, நேராக நின்று, வணக்கம் சொன்னார். அக்கா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். குனிந்து கெண்டையை அழுத்திப் பார்த்தார். நோகுதா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். இல்லை, கொஞ்சமும் நோகவில்லை என்றார் ஜோயல். இரண்டு நாளில் அவர் சொன்ன வார்த்தைகளில் இதைவிடச் சந்தோசமாய் நான் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அக்கா பக்கத்து வீட்டைக் கூப்பிட்டார், எதிர் வீட்டைக் கூப்பிட்டார். ஒரு இரவில் எழுப்பி விட்டிருக்கிறேன் பாருங்கோ என்று எல்லோருக்கும் காட்டினார். ஜோயல் அடக்கமாக நின்று காலைக் காட்டினார். பிறகு மிச்சத்தை ஓடப்போகிறார் என்று நான் சொன்னதும், இன்று காசு வாங்குகிற நாள் என்றாலும் கடையைப் பக்கத்து வீட்டிடம் ஒப்படைத்துவிட்டு, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறிவிட்டார். வழியில் கால் பிடித்தால் யார் பார்ப்பது?

பன்னிரண்டு என்ற பலகையை இன்னும் கழற்றவில்லை. ஜோயல் அதன் கீழே நின்று மூச்சை ஒருதரம் இழுத்துவிட்டு ஓடத் தொடங்கினார்.

ஒன்பது கிலோமீற்றர். நாங்கள் பின்னால் போனோம். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளில், பள்ளிக்கூட வான்கள், மாவாலைக்குப் போகிற லொறிகள். சீனக்குடாவில் விமானத் தள வேலியோரம் ஒரு காவற்காரர் கையசைத்தார். அதற்குப் பிறகு இடைக்கிடை வலப்பக்கத்தில் துறைமுகத் தண்ணீர், வெயில் ஏறாத நேரத்து ஈயநிறம். நேற்று இன்னொருவனுக்காக ஓடினபோது இல்லாத ஒரு வேகம் இன்று அவரிடம் இருந்தது. நசீர் வேகம் காட்டுகிற முள்ளைப் பார்த்துவிட்டு, தன் ஓட்டோவுக்கு இது மரியாதையில்லை என்றார். பவளம் அக்கா முன்னுக்குச் சரிந்து, விடாதேங்கோ தம்பி, விடாதேங்கோ என்று கத்தத் தொடங்கினார்; பிறகு நானும் நசீரும் சேர்ந்து கத்தினோம். வீடியோப் படம் பிடிக்கச் சொல்லி ஜோயல் தன் போனை என்னிடம் தந்திருந்தார். கென்யாவில் அப்போது விடிய முன் நேரம், மெர்சி நித்திரை. எழும்பிப் பள்ளிக்கூடம் போகமுன் பார்க்கட்டும் என்றார். ஓட்டோ குலுங்கினதால் அந்தப் படம் எப்படி வந்ததோ தெரியாது.

உள்துறைமுக வீதியில் பந்தல் இல்லை, கொடி இல்லை, மைக் இல்லை. தாரில் பூசின வெள்ளைக் கோடு மட்டும் இருந்தது. அதன் மேல் இரண்டு மான்கள் நின்றன. இந்த ஊரில் மான்கள் மாடு மாதிரி வீதியில் நிற்கும், ஒருவரும் கணக்கெடுப்பதில்லை. நசீர் ஹோர்ன் அடிக்கப் போனார்; பவளம் அக்கா அவருடைய கையில் ஒரு அடி போட்டார். ஜோயல் வேகத்தைக் குறைக்கவில்லை. மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்து, மெதுவாக ஓரத்தில் இறங்கின. அவர் கோட்டைத் தாண்டினார். தாண்டியும் நிற்கத் தெரியாமல் கொஞ்சத் தூரம் போனார். பிறகு திரும்பி வந்து, கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

நான் ஓட்டோவுக்குள் இருந்து அழுதேன். பவளம் அக்கா இறங்கிப் போய் ஒன்றும் கேட்காமல் அவருடைய இடது காலுக்கு எண்ணெய் போட்டார்.

பகல் ஒரு மணிக்கு யாழ்ப்பாண பஸ். ஜோயல் இரவு ரயிலில் கொழும்புக்கு, அங்கிருந்து மலேசியா. வழியனுப்ப பஸ் நிலையத்துக்கு வந்தவர், முதல் நாள்போலவே இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். நசீர் என்னிடம் காசு வாங்க மறுத்து, பிறகு வாங்கினார். இந்தமுறை யன்னல் திறந்தது.

எங்கள் ஊரிலும் கடல் இருக்கிறது. ஆனால் அது வெட்டவெளிக் கடல். திருகோணமலைக் கடல் வளைந்து உள்ளே வந்து ஊரின் நடுவில் நிற்கிறது. வந்த கப்பலை நாலு பக்கமும் மலை பிடித்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சனமும் அப்படித்தான், பிடித்தால் விடாது. நாளைக்குக் காலை நான் திரும்பவும் நீதிமன்றக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று, யாரோ சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். கப்பல்துறையில் நான் சொன்னதையும் அதோடு சேர்க்கலாமா, இல்லை அந்த மாடி வீட்டில் அது என் சொந்தக் கல்லா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஹொரவப்பொத்தானை தாண்டும்போது போன் சிணுங்கியது.

ஜோயல் எழுதியிருந்தார். மெர்சி காலையில் படத்தைப் பார்த்தாளாம். திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டும் என்று ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கிறாள்: அப்பா முதலாவது, சரி, இரண்டாவதாக வந்தது யார்? நான் என்ன பதில் அனுப்ப, நீங்கள்தானே உள்ளதை மட்டும் சொல்கிற ஆள் என்று கேட்டிருந்தார்.

நான் எழுதினேன்: இரண்டாவதாக ஒரு ஓட்டோ வந்தது. அதில் மூன்று பேர். மூன்று பேரும் கத்திக்கொண்டு வந்தார்கள்.

கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.